சேது வழியில் ஔடத தானம்

இருப்புப்பாதை வருவதற்கு முன், வடநாட்டிலிருந்து இராமேசுவரம் நோக்கி வந்த யாத்திரிகர் பலர் மாதக்கணக்கில் நடந்தே வந்தனர். இராமநாதபுரக் கடற்கரையோ நன்னீர் அரிதான வறண்ட நிலம். வழியில் நோயுற்றால் உற்றார் துணை இல்லை. சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் அவ்வழியில் சத்திரங்கள் அமைத்துக் காத்தனர்.

தஞ்சைச் சத்திரங்களின் பணியை இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய மடல் விளக்குகிறது. சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவரும் உணவு பெற்றனர். பிணி தீர்க்கவும் நஞ்சு முறிக்கவும் வல்ல மருத்துவர்கள் அங்கு இருந்தனர். நோயுற்றவர் குணமடையும் வரை மருந்தும் பத்திய உணவும் பெற்றார். கருவுற்ற பெண்கள் பேறுகாலத்தில் பேணப்பட்டனர்.

இப்பணி நிலைத்ததற்கு அடிப்படை, சத்திரங்களுக்கென ஒதுக்கப்பட்ட ஊர்களின் வருவாயே. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியாரிடம் சென்றது. அந்நிலையிலும் சத்திர ஊர்களைப் பறிக்கலாகாது என வேண்டுவதே மன்னர் மடலின் நோக்கம். அரசை இழந்தவர் அறத்தின் வருவாயைக் காக்க வாதாடினார். அடுத்த ஆண்டே ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரமும் எழுந்தது.

மருத்துவ அறிவும் தனி ஒருவரோடு மறைந்துவிடாதபடி அவர் வழி செய்தார். தன்வந்திரி மகாலில் தேர்ந்த மருந்து முறைகள் தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன. சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரில் அவை சரசுவதி மகால் நூலகத்தின் வாயிலாகப் பின்னர் அச்சேறின.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் யாத்திரிகர் தொடர்வண்டியிலேயே தீவை அடைந்தனர். நடைவழி ஓய்ந்தது, சத்திரங்களின் பழைய பணியும் சுருங்கியது. ஒரத்தநாட்டுச் சத்திரம் பிற்காலத்தில் மாணவர் விடுதியாகப் பயன்பட்டது. கட்டடமும் நிலமும் எஞ்சின. நோயாளியைப் பேணும் பணி எஞ்சவில்லை.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனத் தானம் நான்கென்பது நம் முன்னோர் மரபு. அவற்றுள் ஔடத தானம் ஒருநாள் ஈகையால் நிறைவுறுவதில்லை. நோயாளி நாளையும் வருவார். மருத்துவருக்கு அடுத்த திங்களும் ஊதியம் வேண்டும். மருந்தகம் தொடங்குவோர் திறப்பு விழாவுக்கு முன்பே மூன்றை உறுதி செய்தல் வேண்டும்: பிற செலவுக்குத் திருப்பப்படாத நிலையான வருவாய், ஒருவருக்குப்பின் ஒருவராகப் பணியேற்கும் பயிற்சி பெற்றோர், காலம் மாறுகையில் நோயாளி இருக்குமிடம் தேடிச் செல்லும் மனம். சேது வழிச் சத்திரங்கள் முதல் இரண்டால் வாழ்ந்தன. மூன்றாவது வாய்க்காமையால் மருந்துப் பணியை இழந்தன.