கல்லூரிக்கு முன் தொழில்முறை: இளம் கோல்ஃப் ஆட்டக்காரர்கள்

குழிப்பந்தாட்டம் என்று தமிழில் பெயர் பெற்றிருந்தாலும் கோல்ஃப் என்றே பெரும்பாலும் வழங்கும் விளையாட்டில், பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயிலோ அதற்கும் முன்போ, கல்லூரியில் சேராமல் பரிசுப் பணத்துக்காக ஆடும் தொழில்முறை ஆட்டக்காரராக மாறுவது, கடந்த முப்பது ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். பணத்துக்காக ஆடாதவரை அமெச்சூர் என்பர். 2022ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த விதிகளின்படி, அமெச்சூர் ஒருவர் ஒரு போட்டியில் 1,000 டாலர் அல்லது 700 பவுண்டுக்கு மேற்பட்ட மதிப்புள்ள பரிசைப் பெற இயலாது. அந்த எல்லையைத் தாண்டித் தொழில்முறைக்குச் சென்றவர் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடும் தகுதியை இழக்கிறார். ஆகவே பதினேழு வயதில் எடுக்கப்படும் இந்த முடிவு எளிதில் திரும்பப் பெறக்கூடியதன்று.

கல்லூரியா தொழிலா என்ற கேள்வி அமெரிக்காவில்தான் கூர்மையாக எழுகிறது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் கோல்ஃப் அணிகளைப் பேணி, தேர்ந்த மாணவருக்குக் கல்வி உதவித்தொகை, பயிற்றுநர், பயிற்சித் திடல், போட்டிகளுக்குச் செல்லும் பயணச் செலவு ஆகியவற்றைத் தாமே ஏற்கின்றன. டைகர் உட்ஸ் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு 1996 ஆகஸ்டில் தொழில்முறைக்கு வந்தார். ஜோர்டன் ஸ்பீத், தாம் ஆடிய டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அணி 2012இல் தேசியப் பட்டம் வென்ற பின், இரண்டாம் ஆண்டுப் படிப்பின் நடுவிலேயே வெளியேறினார். இவ்விருவரும் பட்டம் பெறவில்லை என்றாலும், கல்லூரியின் நிழலில் சில காலம் தோற்கவும் தேறவும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அண்மைக் காலத்தில் அந்த நிழல் இன்னும் விரிந்திருக்கிறது. அமெரிக்காவின் முதல் நிலைத் தொழில்முறைச் சுற்றான, அதாவது போட்டித் தொடரான, பி.ஜி.ஏ. டூர் 2020இல் தொடங்கிய பல்கலைக்கழகத் திட்டம், கல்லூரி ஆட்டத்தில் முன்னிலை பெறும் இறுதியாண்டு மாணவருக்குத் தொழில்முறைச் சுற்றுகளில் நேரடி இடம் அளிக்கிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி விளையாட்டு வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பொருள் ஈட்டவும் அனுமதி கிடைத்தது. கல்லூரியைத் தவிர்ப்பவர் இழக்கும் வசதிகள், இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்தவற்றைவிட இன்று மிகுதி.

இந்தப் பின்னணியில் இந்திய வம்சாவளியினரான அக்ஷய் பாட்டியாவின் வாழ்வு கவனத்துக்குரியது. 2002 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் பிறந்து வட கரோலினாவில் வளர்ந்த இவர் இடக்கை ஆட்டக்காரர். இளையோருக்கான பி.ஜி.ஏ. பட்டத்தை 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தொடர்ந்து வென்று, 2019இல் பிரிட்டன், அயர்லாந்து அணிக்கு எதிரான வாக்கர் கோப்பையில் அமெரிக்காவுக்காக ஆடினார். எந்தப் பல்கலைக்கழகமும் விரும்பி அழைத்திருக்கக்கூடிய நிலையில், அதே ஆண்டு செப்டம்பரில் பதினேழு வயதில் தொழில்முறைக்கு மாறினார். தொடக்கப் போட்டிகளில் அவர் ‘கட்’ எனப்படும் வரம்பைத் தாண்டவில்லை. நான்கு நாள் போட்டியில் முதல் இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பின் பாதிப் பேருக்கு மேல் விலக்கப்படுவதையே அச்சொல் குறிக்கும். விலக்கப்படுபவருக்குப் பெரும்பாலும் பணம் ஏதும் கிடைப்பதில்லை. மூன்றாம் ஆண்டில், 2022 ஜனவரியில், பஹாமாஸ் தீவுகளில் நடந்த இரண்டாம் நிலைச் சுற்றுப் போட்டியில் அவர் வென்றார். 2023 ஜூலையில் பாராகுடா போட்டியிலும், 2024 ஏப்ரலில் டெக்சஸ் ஓபன் போட்டியிலும் சமநிலைக்குப் பிந்தைய கூடுதல் ஆட்டத்தில் வென்று முதல் நிலைச் சுற்றில் நிலைபெற்றார்.

பாட்டியாவுக்கு எதிர்முனையாக வைத்துப் பார்க்கத்தக்கவர், ஐதராபாத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான சாஹித் தீகாலா. இவர் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கக் கல்லூரி கோல்ஃபின் முதன்மை விருதுகளான ஹாஸ்கின்ஸ், பென் ஹோகன், ஜாக் நிக்லஸ் ஆகிய மூன்றையும் 2020இல் பெற்ற பின்னரே தொழில்முறைக்கு வந்தார். அவருடைய முதல் பி.ஜி.ஏ. டூர் வெற்றி 2023 செப்டம்பரில் கிட்டியது. பாட்டியாவின் முதல் வெற்றிக்கும் அதற்கும் இடையே இரண்டு மாதமே. ஒருவருக்கு அப்போது வயது 21, மற்றவருக்கு 25. பாட்டியா வென்ற பாராகுடா போட்டி, முன்னணி வீரர்கள் பிரிட்டனில் ஓபன் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த வாரத்தில் நடந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரு வழிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வாயிலை அடைந்தன. ஒருவர் கல்லூரியின் செலவில் கற்றதை மற்றவர் தொழில்முறைப் போட்டிகளிலேயே, தோல்விகளின் ஊடே கற்றார் என்பதே வேறுபாடு.

இதே முயற்சியில் நிலைகுலைந்தவர்களும் உண்டு. டை டிரையன் என்ற அமெரிக்க இளைஞர் 2001இல், பதினேழு வயதில், தகுதிப் போட்டியில் தேறிப் பி.ஜி.ஏ. டூரின் ஆட்ட உரிமையைப் பெற்றார். அவரை முன்னிட்டே அச்சுற்றின் முழு உறுப்பினராவதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. உடல்நலக் குறைவும் ஆட்டத் தளர்ச்சியும் சேர, 2003 பருவத்தோடு அந்த உரிமை அவர் கையை விட்டுப் போயிற்று. பெண்கள் ஆட்டத்தில் நிலைமை வேறு. அமெரிக்காவின் லெக்ஸி தாம்சன் 2010இல் பதினைந்து வயதிலும், நியூசிலாந்தின் லிடியா கோ 2013இல் பதினாறு வயதிலும் தொழில்முறைக்கு வந்து மிக விரைவில் பட்டங்களைப் பெற்றனர். மிஷெல் வீ பதினாறு வயது நிறையும் முன்பே, 2005இல், தொழில்முறைக்கு மாறியிருந்தும் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து 2012இல் பட்டமும் பெற்றார். கல்லூரி அணியில் ஆடும் உரிமைதான் போகிறதே தவிர, கல்லூரியில் படிக்கும் உரிமை போவதில்லை என்பதற்கு அவரே சான்று. தமிழ்நாட்டுப் பெற்றோர் பலரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி அஞ்சுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்திய நிலை

கொல்கத்தாவில் 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள மிகப் பழைய கோல்ஃப் மன்றங்களுள் ஒன்றாகும். இத்தனை நீண்ட மரபிருந்தும், அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற கல்லூரிக் கோல்ஃப் அமைப்பு இந்தியாவில் உருவாகவில்லை. அமெச்சூர் போட்டிகளை இந்தியன் கோல்ஃப் யூனியனும், ஆண்களுக்கான தொழில்முறைச் சுற்றை 2006 முதல் பி.ஜி.டி.ஐ. என்ற அமைப்பும் நடத்துகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓர் இளைஞரை நான்கு ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கும் பாலம் எதுவும் கிடையாது. அதனால் இந்திய இளைஞரைப் பொறுத்தவரை, கல்லூரியைத் துறந்து தொழிலுக்குப் போனார் என்று சொல்வதே முழு உண்மையாகாது. அவருடைய ஆட்டத்தை வளர்க்கும் கல்லூரி இங்கு இல்லை. அந்த வாய்ப்பைத் தேடியவர் கடல் கடக்க வேண்டியிருந்தது. ஜீவ் மில்கா சிங் டெக்சஸ் மாநிலத்தின் அபிலீன் கிறித்தவப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1993இல் அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாம் பிரிவுத் தனிநபர் பட்டத்தை வென்று, அதே ஆண்டு தொழில்முறைக்கு வந்தார்.

இன்னொரு சாரார்க்கு இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்து, தூரத்தையும் காற்றையும் கணித்துச் சொல்லும் உதவியாளரைக் கேடி என்பர். 1991இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற அலி ஷேர், தில்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதே பட்டத்தை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா மன்றத்தின் திடல் பராமரிப்பாளரின் மகன். பெங்களூர் – மைசூர்ச் சாலையில் பிடதி அருகேயுள்ள ஈகிள்டன் திடலை ஒட்டி வளர்ந்த சிக்கரங்கப்பாவும் பந்து பொறுக்கும் சிறுவராகத் தொடங்கியவரே. இவர்களுக்குத் தொழில்முறை என்பது கல்லூரிக்கு மாற்றாக அமைந்ததன்று. பிழைப்புக்குத் திறந்திருந்த வழி அது ஒன்றே. இந்திய கோல்ஃபின் வரலாற்றை வசதி படைத்தோரின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இவர்களுக்கு இழைக்கும் அநீதி பெரிது.

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தும் தொழிலைத் தேர்ந்தவர்களுள் முதன்மையானவர் அதிதி அசோக். 1998 மார்ச் 29 அன்று பெங்களூரில் பிறந்த இவர், ஐந்து வயதில், குடும்பத்தோடு உணவகத்துக்குச் சென்றபோது எதிரே தெரிந்த கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சித் திடலைக் கண்டு ஆட ஆசைப்பட்டார். 2013 ஆசிய இளையோர் விளையாட்டு, 2014 இளையோர் ஒலிம்பிக், அதே ஆண்டின் ஆசிய விளையாட்டு ஆகியவற்றில் இந்தியாவுக்காக ஆடி, 2015இல் பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டத்தை வென்றார். ஸ்ட்ரோக் பிளே என்பது எல்லா நாள் ஆட்டங்களிலும் அடித்த அடிகளின் மொத்த எண்ணிக்கையைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிக்கும் முறையாகும். அந்த ஆண்டு டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பிய மகளிர் சுற்றின் தகுதிப் போட்டியில் முதலிடம் பெற்று, பள்ளிப் படிப்பின் இறுதியாண்டிலேயே, 2016 ஜனவரி 1 அன்று தொழில்முறைக்கு மாறினார். அவ்வாண்டு நவம்பரில் குருகிராமில் மகளிர் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்று, ஐரோப்பிய மகளிர் சுற்றில் வென்ற முதல் இந்தியரானார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் கத்தார் போட்டியிலும் வென்று, ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தேர்வு பெற்றார்.

அதிதியின் வெற்றிகளைக் காட்டிலும் அவற்றுக்கிடையே வந்த வறட்சியே இந்தப் பொருளைப் பயில்வோருக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது. 2017 நவம்பரில் அபுதாபியில் வென்ற பின், 2023 பிப்ரவரியில் கென்யாவில் வெல்லும்வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு ஐரோப்பிய மகளிர் சுற்றில் பட்டம் கிட்டவில்லை. ஆயினும் அந்த வறட்சியின் நடுவில்தான், 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில், உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர் திடலுக்குக் குறிக்கப்பட்ட இயல்பு எண்ணிக்கையைவிட 15 அடி குறைவாக ஆடி, ஒரே அடி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். ரியோ ஒலிம்பிக்கில் தந்தையும் டோக்கியோவில் தாயும் அவருடைய மட்டைப் பையைச் சுமந்தனர். பெற்றோர் உடன்வருவது பாசத்தின் பொருட்டு மட்டுமன்று. கேடிக்கு வார ஊதியமும் பரிசில் ஒரு பங்கும் தர வேண்டும். விமானக் கட்டணம், தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் யாவும் ஆட்டக்காரரையே சாரும். இளம் ஆட்டக்காரர் ‘கட்’ வரம்பைத் தாண்டாத வாரத்தில் செலவு நிற்பதில்லை, வரவு மட்டும் நின்றுவிடுகிறது.

ஆண்களில் சுபாங்கர் சர்மா 2013இல் பதினாறு வயதில் தொழில்முறைக்கு வந்து, நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2017 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க் ஓபனிலும், 2018 பிப்ரவரியில் மலேசியாவின் மேபேங்க் போட்டியிலும் வென்றார். அந்த ஆண்டு ஆண்களின் பெரும் போட்டிகளுள் ஒன்றான மாஸ்டர்ஸுக்குச் சிறப்பு அழைப்பும் பெற்றார். செவித்திறன் குறைபாட்டோடு பிறந்த தீக்ஷா தாகர், 2017 செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று, 2019இல் பதினெட்டு வயதில் தொழில்முறைக்கு மாறி, அந்த ஆண்டே தென்னாப்பிரிக்க மகளிர் ஓபன் பட்டத்தை வென்றார். இருவருமே இராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள் என்பது தற்செயலன்று. இராணுவக் குடியிருப்புகள் பலவற்றில் கோல்ஃப் திடல் உண்டு. அங்கு ஆடுவதற்குத் தனியார் மன்றங்களின் பெருந்தொகைச் சந்தா தேவையில்லை.

தமிழ்நாடும் படிப்பும்

தமிழ்நாட்டில் ஆட்டத்துக்காகப் பள்ளிப் படிப்பையே சுருக்கிக்கொண்ட முன்மாதிரி சதுரங்கத்தில் இருக்கிறது. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த் சென்னை லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றவர். 2024 டிசம்பர் 12 அன்று பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்ற குகேஷ், நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டவர். ஒரு தலைமுறைக்குள் கருத்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இவ்விருவரும் காட்டுகின்றனர். எனினும் சதுரங்கப் பலகை ஓலைக் குடிசையிலும் விரியும். கோல்ஃபுக்குப் பதினெட்டுக் குழிகளும் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு கட்டணச் சலுகை அளிக்கும் மாநிலத்தில், பட்டம் என்பது ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றும் சொத்து. அதைக் கைவிடச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரையாகும். தொலைநிலைக் கல்வியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் பயணத்திலேயே ஆண்டைக் கழிக்கும் ஆட்டக்காரருக்குப் பொருந்துவதால், கைவிட வேண்டிய தேவையும் இல்லை. வளர்ந்த ஆட்டக்காரர்களை அமெச்சூராகவே இருந்து வென்றிருத்தல், வெற்றியில்லாத மூன்று ஆண்டுகளுக்கேனும் செலவைத் தாங்கும் ஆதரவு ஆகிய இரண்டும் இல்லாதபோது பதினேழு வயதில் மாறுவது தவறு என்பதே மேற்கண்ட வரலாறுகளிலிருந்து பெறப்படும் முடிபு.

அந்த முடிவை எடுக்கும் நிலைக்கு வந்துசேர்வதே தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு எட்டாததாக இருக்கிறது. மாநிலத்தின் பெயர்பெற்ற திடல்கள் சென்னை, கோயம்புத்தூர், உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய நகரங்களிலும், வெலிங்டன் இராணுவக் குடியிருப்பிலும் அமைந்துள்ளன. மலையில் இருப்பவை ஆங்கிலேய அதிகாரிகள் கோடையைக் கழிக்க அமைத்த மரபின் எச்சங்கள். ஏனையவற்றுள் பெரும்பாலானவை உறுப்பினருக்கானவை. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள எலவனாசூர்கோட்டையிலோ, கல்வராயன் மலைச் சிற்றூர்களிலோ வளரும் பிள்ளை மட்டையைக் கையில் எடுக்க வேண்டுமெனில், 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து சென்னைக்குச் செல்ல வேண்டும். சென்ற பின்னும் பெரும்பாலும் உறுப்பினர் ஒருவரின் துணை வேண்டும். அதிதி அசோக்கின் ஆட்டம் ஓர் உணவகத்தின் எதிரே தெரிந்த திடலிலிருந்து தொடங்கியது. உளுந்தூர்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட சாலையில் உணவகங்கள் பல உள்ளன. எதிரே தெரியும் திடல் ஒன்றுகூட இல்லை.