அரணை கடித்தால் மரணமா?

இரத்தினபுரிப் பக்கம் இறப்பர் தோட்டமொன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். லயத்து இஸ்தோப்பில் அரணையொன்று ஓடியதும், பேசிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைத் தூக்கினார். "கடிச்சா உடனே சாவுதான் தம்பி." நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். சின்ன வயதில் அடித்தும் இருக்கிறேன்.

உண்மையில் அரணைக்கு நஞ்சு இல்லை. கடித்து ஏன் யாரும் சாகவில்லை என்று கேட்டால், அது கடிக்க வந்து மறந்துவிடும் என்பார்கள். 'அரணை புத்தி' என்று நாம் சொல்வதும் அதனால்தான். பளபளக்கும் உடலும் பாம்பு போன்ற தலையும்தான் இந்தப் பயத்துக்குக் காரணம்.

லயங்களைச் சுற்றி நாம் காணும் பெரிய அரணை, யூட்ரோப்பிஸ் கரினாட்டா என்ற இனம். காலை வெயிலில் உடலைச் சூடாக்கிக்கொண்டு பூச்சிகளைத் தேடும். மண்ணிலும் விறகுக் கட்டைகளின் அடியிலும் முட்டையிடும். இலைச் சருகுக்குள் வாழும் சின்ன அரணைகளும் உண்டு. அவற்றில் லங்காஸ்கிங்கஸ் என்ற பேரினம் உலகிலேயே இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது.

இவற்றின் வெளிநாட்டு உறவுகள் சில குடும்பமாகவே வாழ்கின்றன. அவுஸ்திரேலியாவில் எகெர்னியா இன அரணைகள் குட்டி போடும். குட்டிகள் பெற்றோருடன் ஒரே பாறை இடுக்கில் தங்கி வளரும். அங்கேயே ஷிங்கிள்பேக் என்ற தடித்த அரணையை, ஆய்வாளர் மைக்கேல் புல் 1982 முதல் பல்லாண்டுகள் கவனித்தார். வருடத்தில் பெரும்பகுதி தனித்தனியே திரியும் ஆணும் பெண்ணும், ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய துணையையே தேடிச் சேர்வதை அவர் பதிவு செய்தார்.

நம் ஊர் அரணைக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் தாய்வானில் இருக்கிறது. யூட்ரோப்பிஸ் லோங்கிகௌடாட்டா என்ற அந்த இனமும் முட்டையிடுவதுதான். தாய்வானின் ஒர்கிட் தீவில் முட்டை தின்னும் பாம்பு வந்தால், தாய் அரணை எதிர்த்து விரட்டும்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். முட்டையிடப் போகும் ஒன்றை அடித்தால் அதன் முட்டைகளும் சேர்ந்து போய்விடும் என்றேன். விறகை நகர்த்தும்போது சின்ன வெள்ளை முட்டைகள் தெரிந்தால், புரட்டாமல் மறுபடி மூடிவிடலாம் என்றும் சொன்னேன்.

அவர் முழுதாக நம்பவில்லை. ஆனால் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, விறகுக் குவியலைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப அது முட்டையோட இருந்திருக்குமோ?"