ரெப்டனின் மடிப்புத் தாள்

'லேண்ட்ஸ்கேப்' என்னும் சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு ஓவியர்களின் தொழிற்சொல்லாக ஆங்கிலத்தில் நுழைந்தது. முதலில் அது குறித்தது நிலத்தை அன்று. நிலத்தைத் தீட்டிய ஓவியத்தை. கண்முன் விரியும் நிலப்பரப்பையே அச்சொல்லால் சுட்டும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தோட்டங்களிலும் இதே வரிசையைக் காண்கிறோம்: ஓவியம் முந்தியது, நிலம் பிந்தியது. கிளாட் லொரேனின் ஓவியங்களில் கண்ட நீர்ப்பரப்பும் கோயிலும் ஸ்டவர்ஹெட் போன்ற தோட்டங்களில் நிலத்தின்மீதே எழுந்தன. தோட்டம் அமைப்போர் பேரோவியர்களிடம் பாடம் கற்க வேண்டும் என்பதை 1794இல் யூவ்டேல் பிரைசும் ரிச்சர்ட் பெய்ன் நைட்டும் கோட்பாடாகவே முன்வைத்தனர்.

அதை மறுத்தவர் ஹம்ஃப்ரி ரெப்டன் (1752–1818). இத்தனைக்கும் அவர் நீர்வண்ணம் தீட்டியே தொழில் நடத்தியவர். நிலவுடைமையாளர்களுக்கு அவர் அளித்த சிவப்பு அட்டை நூல்களில், ஓவியங்களின்மேல் மடிப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். தாளில் தெரிவது இன்றைய நிலை. அதைத் தூக்கினால் அவர் அமைக்கவிருக்கும் தோட்டம். ஆயினும் 1795இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டது வேறு. ஓவியனின் நோக்குப்புள்ளி நிலையானது. தோட்டத்தைக் காண்பவரோ நடந்துகொண்டே காண்கிறார். கண் காணும் பரப்பு ஓவியச் சட்டத்துள் அடங்காது. வீட்டை ஒட்டிய இடத்தில் வாழ்வோரின் வசதிக்கே முதலிடம்; ஓவிய அழகு அதன் பின்னரே.

மனிதரின் நடையையும் வாழ்வையும் முன்னிறுத்திய இக்கொள்கை யாரையெல்லாம் மனிதராகக் கருதியது? 1816இல் வெளிவந்த அவரது கடைசி நூலில், எசெக்ஸிலிருந்த தம் சொந்தக் குடிலின் முன்காட்சியை அதே உத்தியில் தீட்டியிருக்கிறார். மடிப்புத் தாளில் வேலியருகே ஓர் இரவலர் நிற்கிறார். தெருவுக்கு அப்பால் இறைச்சிக்கடை. தாளைத் தூக்கினால் வேலி முன்னே நகர்ந்திருக்கிறது, கடையை மலர்ச்செடிகள் மறைத்திருக்கின்றன, இரவலரைக் காணோம். பொதுநிலங்கள் சட்டத்தின் துணையோடு அடைக்கப்பட்டுவந்த காலம் அது. அப்பின்னணியில் வேலியின் இந்நகர்வை வெறும் அழகியல் விவகாரமாகக் கொள்வது கடினம்.

ரெப்டனின் கோட்பாட்டு நூல்களோடு இம்மடிப்புத் தாளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஓவியச் சட்டத்தை அவர் கருத்தளவில் நிராகரித்தார்; ஆனால் சட்டத்துக்குள் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. நம் நகரங்களின் பூங்காக்களுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் வரையப்படும் 'முன்', 'பின்' மாதிரிப் படங்கள் இந்த உத்தியின் வழித்தோன்றல்களே. அவற்றை ஆய்வு செய்யும் மாணவர்கள் 'பின்' படத்தின் அழகை அளப்பதற்கு முன், 'முன்' படத்தில் இருந்தவர்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.