சத்து கூட்டிய வாழை: ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது, தட்டுக்கு இன்னும் வரவில்லை

நமக்குச் சோறு எப்படியோ, கிழக்கு ஆப்பிரிக்க நாடான உகாண்டாவில் பலருக்கு வாழைக்காய் அப்படி. ‘மடோக்கே’ எனப்படும் பச்சைக் காயைத் தோல் சீவி, வாழை இலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து மசித்து உண்கிறார்கள். வயிறு நிறையும். ஆனால், அந்தக் காயில் வைட்டமின் ‘ஏ’ தரும் சத்தும் இரும்புச்சத்தும் குறைவு. முட்டை, மீன், கீரை என்று சேர்த்துக்கொள்ள வசதியில்லாத வீடுகளில் இந்தக் குறை முதலில் பிள்ளைகளைத்தான் தாக்குகிறது.

வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் மாலைக்கண் வரும். முற்றினால் பார்வையே பறிபோகும். தட்டம்மை, வயிற்றுப்போக்கு போன்ற நோய்களைத் தாங்கும் சக்தியும் குறையும். இக்குறைபாட்டால் உலகில் ஆண்டுக்கு 250,000 முதல் 500,000 சிறார்கள் பார்வை இழப்பதாகவும், அவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஏன் ஆய்வுக்கூடம்?

நெல், சோளம் போன்ற பயிர்களில் இரண்டு இரகங்களைக் கலந்து புதிய விதை எடுக்கலாம். நாம் உண்ணும் வாழைக்கு விதை கிடையாது, பக்கக்கன்றால்தான் பெருகுகிறது. அதனால் கலப்பினம் உருவாக்குவது மிகக் கடினம்.

இந்தத் தடையைத் தாண்ட, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் டேல் தலைமையிலான குழு 2005ஆம் ஆண்டில் ஆய்வைத் தொடங்கியது. கேட்ஸ் அறநிறுவனம் நிதி வழங்கியது. உகாண்டாவின் தேசிய வேளாண் ஆய்வு அமைப்பும் இணைந்து பணியாற்றியது.

தேடிய சத்து இன்னொரு வாழையிலேயே கிடைத்தது. பாப்புவா நியூ கினியில் வளரும் ‘அசுப்பினா’ வாழையின் குலை, கீழே தொங்காமல் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். குலை சிறியது, ஆனால் சதை ஆரஞ்சு நிறம். அந்த நிறத்துக்குக் காரணம் பீட்டா கரோட்டின். செம்பனைப் பழத்தைப் பிழிந்ததும் வரும் எண்ணெய் சிவந்திருப்பதும் இவ்வகைச் சத்தால்தான். உடல் இதை வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்கிறது.

பூவிலிருந்து கன்று வரை

முதலில் வாழைப்பூவின் உள்ளிருக்கும் இளம் ஆண் பூக்களிலிருந்து உயிரணுக்களை வளர்க்கிறார்கள். அசுப்பினாவின் கரோட்டின் உற்பத்திக்குரிய மரபணுவை, மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாவின் வழியாக அவற்றில் செலுத்துகிறார்கள். மரபணுவை ஏற்ற உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, உரச்சத்து கலந்த அகார்-அகார் போன்ற கூழில் வைக்கிறார்கள். அங்கே முளைவிட்டு வேர்பிடிக்கும் சிறு செடி, பிறகு தொட்டிக்கும் கடைசியில் தோட்டத்துக்கும் மாறுகிறது.

குவீன்ஸ்லாந்து தோட்டச் சோதனையின் முடிவு 2017இல் வெளியானது. உலர் எடையில் ஒரு கிராமுக்கு 20 மைக்ரோகிராம் என்பதே குழுவின் இலக்கு. ஆனால், கேவண்டிஷ் வாழையில் நடந்த அச்சோதனையில் ஒரு வரிசைப் பழங்களில் 55 மைக்ரோகிராம் வரை கிடைத்தது. இரும்புச்சத்தைக் கூட்டும் ஆய்வுக்காக 2012இல் இந்தியாவுடனும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் பங்கேற்றது.

சட்டம் காத்திருக்கிறது

உகாண்டா நாடாளுமன்றம் 2017இல் நிறைவேற்றிய உயிரித் தொழில்நுட்பப் பாதுகாப்பு மசோதாவை அதிபர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். 2018இல் மறுபடியும் நிறைவேறிய மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை. பாரம்பரிய இரகங்கள் என்னவாகும், பயிரின் உரிமை யார் கையில் இருக்கும் என்ற கேள்விகளை எதிர்ப்பாளர்கள் எழுப்புகின்றனர்.

மரபணு மாற்றம் இல்லாத வழியும் ஒன்று உண்டு. கானாவைச் சேர்ந்த ‘அப்பாந்து’, பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த ‘பிரா’ ஆகிய வாழைகளில் இயல்பாகவே இச்சத்து அதிகம். அவை புருண்டி, கிழக்கு காங்கோ ஆகிய பகுதிகளில் நடப்பட்டுள்ளன.

இரு வழியிலும் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நன்மை உண்டு. ஒரு கன்று கிடைத்தால் போதும். அதன் பக்கக்கன்றுகளிலும் அதே சத்து இருக்கும். மீண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்கும் ஒன்றைத் தோண்டிக் கொடுக்கலாம்.