30 கொள்ளும் இடத்தில் 28



சுங்கை சிப்புட் என்றதும் மூத்தவர்களின் நினைவுக்கு வரும் ஆண்டு 1948. அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் காலையில், எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரையும், பின் சூன் தோட்டத்தில் ஜான் அல்லிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவரும் கம்யூனிஸ்டு ஆயுதக் குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து பிரகடனம் செய்யப்பட்ட அவசரகாலம் 12 ஆண்டுகள் நீடித்து, 1960 ஜூலை 31ஆம் நாள்தான் முடிவுற்றது. பெரட்டுக்களம், பால் மரம், லயம் என்று இருந்த நம் மக்களின் வாழ்வில் முள்கம்பி வேலியும் துப்பாக்கியும் வந்து சேர்ந்தன.

துப்பாக்கி ஏந்தியவர்களிடையே அந்நாளில் ஒரு பேச்சு வழங்கிற்று. "மேகசினை நிறைய நிரப்பாதே; இரண்டு தோட்டா குறைத்துப் போடு" என்பதே அது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இரண்டு தோட்டா கூடுதலாக இருப்பது நல்லதுதானே? பின் ஏன் குறைக்கச் சொன்னார்கள்? இது வெறும் நம்பிக்கையா, காரணமுள்ள விதியா? இதையே இன்று ஆராய்வோம்.

மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தகரப் பெட்டி. அதன் அடியில் ஸ்பிரிங் எனப்படும் சுருள்வில் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை சுட்டதும் அது அடுத்த தோட்டாவை வாய்ப்பக்கம் தள்ளிக் கொடுக்கும். தள்ளுவது தவறினால் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அப்போது அது கையில் இருக்கும் வெறும் இரும்பு.

அவசரகாலத்தில் மலாயாவில் புழங்கிய ஆயுதங்களுள் மூன்றைப் பார்ப்போம். முதலாவது லீ-என்பீல்டு ரைபிள். தோட்டங்களைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் பலரின் தோளில் தொங்கியது இதுதான். இதில் 10 தோட்டாக்கள் கொள்ளும். ஐந்து ஐந்தாகத் தகட்டில் கோத்து, இரண்டு தகடு அழுத்தினால் நிறைந்துவிடும். இதை முழுமையாக நிரப்புவதில் தடையில்லை. ஆனால் ஒரு கவனம் வேண்டும். இதன் தோட்டாவுக்கு அடிப்பாகத்தில் விளிம்பு உண்டு. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் அமைந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது பிரென் இயந்திரத் துப்பாக்கி. செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோ, இங்கிலாந்தின் என்பீல்டு என்ற இரு ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது இப்பெயர். அதே விளிம்புள்ள தோட்டாதான் இதற்கும். அதனாலேயே இதன் மேகசின் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். அதில் 30 கொள்ளும். ஆனால் 28 போடுவதே வழக்கம்.

மூன்றாவது ஸ்டென். உலகப்போரின் நெருக்கடியில், 1941இல், மலிவாகவும் விரைவாகவும் செய்யப்பட்ட துப்பாக்கி இது. இதன் மேகசினில் 32 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக நின்று, மேலே வந்ததும் ஒரே வரிசையாகக் குறுகும். இரண்டு வாசல் கூட்டம் ஒரு வாசலில் நெருக்குவதுபோல் அங்கே உராய்வு மிகுதி. சிறிது மண்ணோ துருவோ சேர்ந்தாலும் சிக்கும். விரலால் நிரப்புவதே கடினம் என்பதால் அதற்கென ஒரு கருவியும் கொடுத்தார்கள். ஆகவே 30 அல்லது அதற்கும் குறைவாகப் போட்டார்கள்.

இதில் இன்னொரு வரலாறும் உண்டு. ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் படைக்கு 1945இல் பிரிட்டிஷார் விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்டனர். அப்படை அவ்வாண்டு டிசம்பரில் கலைக்கப்பட்டபோது ஆயுதங்களில் ஒரு பகுதி ஒப்படைக்கப்படாமல் காட்டில் மறைக்கப்பட்டது. ஆகவே 1948க்குப் பின் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே வகைத் துப்பாக்கிகள் எதிரெதிராக நின்றன. இரு தரப்புக்கும் மழையும் சேறும் துருவும் ஒன்றே.

சரி, இரண்டு குறைப்பதால் என்ன பயன்? மேகசின் நிறைந்தபோது சுருள்வில் முழுவதும் நசுங்கி, மேல் தோட்டாவை மிகுந்த விசையோடு வாயில் அழுத்தும். முதல் தோட்டா எளிதில் நகராது. இரண்டு குறைந்தால் அழுத்தம் தளர்கிறது. தோட்டாக்கள் சரிந்து அமைய இடம் கிடைக்கிறது.

"நிரப்பி வைத்தே இருந்தால் சுருள்வில் செத்துவிடும்" என்றும் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. வில்லுக்கு ஓர் எல்லை உண்டு. ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர், பாரத்துக்கு ஏற்பவே வில் நீளும் என்னும் விதியை 1678இல் விளக்கி எழுதினார். அந்த எல்லைக்குள் அழுத்தி வைத்த நல்ல வில் நெடுநாள் தன் வலிமையை இழப்பதில்லை. எல்லை கடந்த அழுத்தமும், ஆயிரம் முறை அழுத்தி அழுத்தி விடுவதும், துருவுமே அதைக் கெடுக்கின்றன.

பின்னாளில் வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் 20 கொள்ளும் எம்-16 மேகசினில் 18 போட்டனர். ஆயுதம் வேறு, நாடு வேறு, பழக்கம் ஒன்று. இன்றைய மேகசின்கள் பெரும்பாலும் முழு அளவுக்கும் தாங்கும்படியே செய்யப்படுகின்றன. ஆகவே "எங்கும் எப்போதும் இரண்டு குறை" என்பதும் சரியன்று.

நேயர்களே, அக்காலத்தில் தோட்டா என்பது சாதாரணப் பொருளன்று. காட்டுக்குள் உணவு போய்விடக் கூடாதென்று அரிசிக்குக் கணக்கு. தகர டப்பாவைக்கூட விற்கும்போதே துளையிட்டுக் கொடுத்தார்கள். தோட்டாவுக்கோ அதைவிடக் கடுமையான சட்டம். அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, இக்குற்றச்சாட்டின்பேரில் 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒவ்வொரு தோட்டாவும் ஓர் உயிரின் கணக்கில் எழுதப்பட்ட காலம் அது.

அப்படிப்பட்ட காலத்திலும், கிடைத்த இடத்தை முழுதும் நிரப்பாமல் இரண்டை விட்டுவைத்தார்கள். சிக்கி நிற்கும் 30ஐவிடத் தடையின்றி ஓடும் 28 மேல் என்று அனுபவம் கற்பித்தது. லயத்தில் உறங்கும் பிள்ளைகளுக்கும் இருண்ட காட்டுக்கும் நடுவே காவல் நின்றவனுக்கு அது ஏட்டுக் கணக்கன்று.

பால் வெட்டும் நமக்கு இது புதிதா? உளி பட்டையோடு நிற்க வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது என்கிறோம். காயம் பட்ட இடத்தில் முண்டு விழும், மறுமுறை வெட்ட இயலாது என்பது அதன் காரணம். காரணம் தெரிந்தவன் புது மரத்திலும் தவறமாட்டான். காரணம் தெரியாதவன் விதியை மட்டும் சுமப்பான். பெரியவர்கள் சொன்னதை மறக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். "ஏன்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும்; நாம் சேர்ந்து தேடிச் சொல்வோம்.

முடிவாக ஒரு வார்த்தை. பழைய தோட்ட நிலத்தைக் கிளறும்போது துருப்பிடித்த தோட்டாவோ குண்டோ கிடைத்தால் தொடாதீர்கள். எத்தனை ஆண்டானாலும் அது வெடிக்கக் கூடும். காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.