பின்தொடர் விளம்பரம்
இணையக் கடையில் ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வாங்காமல் வெளியேறியவருக்கு, அதையே பிற தளங்களிலும் செயலிகளிலும் திரும்பத் திரும்பக் காட்டும் விளம்பர முறை. உலாவியில் பதியும் குக்கி என்னும் சிறு கோப்பு இதன் அடிப்படை. நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மான்டுல்லி 1994இல் அதை உருவாக்கியது ஒரு தளம் தன் வருகையாளரை நினைவில் வைத்திருக்கத்தான். தளம்விட்டுத் தளம் பின்தொடர அல்ல. கருத்தரிப்புச் சோதனைக் கருவியைத் தேடியவரின் அந்தரங்கம், வீட்டார் அனைவரும் பயன்படுத்தும் கணினியில் அம்பலமாவதே இதன் மிகக் கொடிய விளைவு. விற்பனைப் பலனும் உறுதியில்லை: ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரங்களை ஆராய்ந்து லாம்ப்ரெக்ட், டக்கர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த பொருளையே காட்டிய விளம்பரம் பொதுவான விளம்பரத்தைவிடச் சராசரியாகக் குறைந்த பலனே தந்தது. பயனரின் ஒப்புதலைச் சரிபார்க்காதது உள்ளிட்ட மீறல்களுக்காக, இவ்வகை விளம்பரங்களை வழங்கும் கிரிட்டியோ நிறுவனத்துக்கு பிரெஞ்சுத் தரவுக் காப்பு ஆணையம் 2023இல் 4 கோடி யூரோ அபராதம் விதித்தது.