காட்டுச் சேவலின் கழுத்திறகு

குளிர்நீரில் வாழும் டிரவுட் என்னும் மீன், வைகைச் சமவெளியின் கண்மாய்களில் ஒரு கோடையைக்கூடக் கடத்தாது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் அதனை நீலகிரியில் நிலைபெறச் செய்ததும் மலையுச்சியின் குளிர்ச்சியை நம்பியே. ஆயினும் அம்மீனைப் பிடிக்கச் சீமைத் துரைமார் கையாண்ட, தூண்டில் முள்ளில் மயிரும் இறகும் கட்டிச் செய்த பொய் ஈயின் சரித்திரத்தில், மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் வாழும் ஒரு பறவைக்குப் பங்குண்டென்பதை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே.

ஏரிநீருக்குள் அமிழ்த்தி இழுக்கும் ஈயைக் கட்டுவது மிகுந்த பொறுமையை வேண்டும் கைவினை. சிறிய தூண்டில் முள்ளைப் பிடிகருவியில் இறுக்கி, மெழுகு பூசிய பட்டுநூலை அதன்மேல் நெருங்கச் சுற்றி, முயலின் காதோரத்து மயிரைச் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நூலோடு சேர்த்து ஒரே திசையில் முறுக்கினால், மயிர் நூலைப் பற்றிக்கொள்கிறது. அந்நூலை முள்ளின்மீது சுற்றச் சுற்றப் பூச்சியின் உடல் உருப்பெறுகிறது. மயிர் மிகுந்தால் உடல் பருத்து வேலை கெடும். அதன்மேல் மெல்லிய பொன்னிறச் சரிகையை இடைவெளி விட்டுச் சுற்றி, ஊசிமுனையால் மயிர்நுனிகளைச் சற்றே கிளறிவிடுவர். நனைந்த அந்நுனிகளின் அசைவே மீனுக்கு உயிர்ப்பிராணியின் சலனமாகத் தோன்றுகிறது.

வேறு சில ஈக்களிலோ தலையின் இருமருங்கும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகை வைத்துக் கட்டுவது வழக்கம். கருநிற இறகின் நடுவே அரக்கைச் சொட்டி உறையவைத்தாற்போல வெண்மையும் பொன்மையுமாகத் திரண்டிருக்கும் அப்புள்ளி, நீருக்குள் சிறுமீனின் கண்ணெனத் துலங்கும். சால்மன் என்னும் மீனைப் பிடிக்கும் ஈக்களைப் பற்றி 1895-இல் கெல்சன் என்பவர் வெளியிட்ட நூலில் இவ்விறகு பலமுறை இடம்பெறுகிறது. ஆனால் அது பாரத நாட்டுக் காடுகளுக்கே உரிய பறவையின் உடைமை. அழகர்மலையிலும் சிறுமலையிலும் பழனிமலைச் சரிவுகளிலும் விடியலில் கூவும் சேவல் அதுவே. சேவற்கொடியோனாகிய முருகன் உறையும் சோலைமலையாம் அவ்வழகர்மலைக் காட்டிலே அப்பறவை வாழ்வது நமக்குத் தனியொரு பெருமிதம்.

ஓர் ஈக்கு இரண்டே இறகு போதும். அதன்பொருட்டு ஓர் உயிரையே மாய்த்துக் கழுத்துத் தோலை உரித்தது பெருங்கொடுமையென்றே சொல்வேன். காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதிக்கு அரசாங்கம் 1902-இல் தடை விதித்தபின்னும் காட்டுச் சேவலின் கழுத்துத் தோல்கள் கடல்கடப்பது நிற்கவில்லை; பின்னர் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவைக்கும் காவலாயிற்று. இப்போது அயல்நாட்டார் தாமே கூண்டில் வளர்த்த சேவல்களின் இறகையும் வர்ணந் தீட்டிய போலி இறகையும் கொண்டு கட்டுகின்றனர். அக்கைவினைக்கு அதனால் யாதொரு குறையும் நேர்ந்திலது.